பாரிவாணன் சம்சாரம் காலமான விவரம்

இனிமேல் கவிதையே எழுதுவதில்லை என்று சம்பத் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் முடிவெடுத்தான். காரணம் ஓர் எருமை.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம் அது. சம்பத்துக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்புசெட்டுக்கு உதிரி பாகம் செய்யும் கம்பெனியில் வேலை. பகலெல்லாம் பித்தளை வளையங்களை அளந்து பார்த்து நல்லது ஒரு பக்கம், சொத்தை ஒரு பக்கம் என்று பிரித்துப் போடுவான். சாயங்காலம் பூந்தமல்லியில் பஸ்ஸை விட்டு இறங்கினால், பாரிவாக்கம் வீட்டுக்குப் போகும் முன் தஸ்தகீரின் பிரௌசிங் சென்டரில் ஒரு மணி நேரம். அங்கே அவன் சம்பத் இல்லை. கவிஞர் பாரிவாணன்.

'கவிச்சுனை' என்று ஒரு மின்னஞ்சல் குழு. சிங்கப்பூரிலும் கனடாவிலும் துபாயிலும் ஆவடியிலும் இருக்கும் தமிழர்கள் அதில் கவிதை போடுவார்கள். எல்லாரும் எழுதுவார்கள், எல்லாரும் எல்லாரையும் பாராட்டுவார்கள். கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்து சண்டித்தனம் பண்ணிய காலம். ஆகையால் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டி அனுப்புவார்கள். சம்பத் நிலாவைப் பற்றி எழுதினான். 'அருமை, தொடருங்கள்' என்று வந்தது. உழைப்பாளியின் வியர்வையைப் பற்றி எழுதினான். 'அருமை, தொடருங்கள்.' அந்த வெள்ளிக்கிழமை மழையைப் பற்றி எழுதியதற்கு ஒரே ஒரு பதில்தான் வந்தது. அதிலும் முதல் எழுத்து மாறி விழுந்து, 'எருமை, தொடருங்கள்' என்று இருந்தது.

"கை தவறிப் பூட்ச்சு அண்ணாத்தே," என்றான் தஸ்தகீர். "அதுக்குப் போயி மூஞ்சிய தூக்கி வெச்சிக்கிறியே."

"தவறல தஸ்தகீர். மனசுல இருந்தது விரல்ல வந்துட்ச்சு."

வீட்டுக்கு வந்தால் பூட்டு. கஸ்தூரி அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். குத்தம்பாக்கத்தில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்கள், ஒரு வாரம் ஆகும் என்று காலையிலேயே சொல்லியிருந்தாள். சம்பத் உள்ளே போய்க் குடத்தைச் சாய்த்துப் பார்த்தான். தண்ணீர் இல்லை. அடுப்பில் பூனை படுத்திருந்தது. எரிச்சலில் நாலு வரி வந்தது.

*போய்விட்டாள்.*
*குடம் காலி.*
*அடுப்பில் பூனை உறங்குகிறது.*
*எந்த விளக்கை ஏற்றினாலும் வீடு இருட்டு.*

மறுநாள் அதைக் கவிச்சுனையில் போட்டுவிட்டு வந்தான். முடிவு ஒரு நாள்கூடத் தாங்கவில்லை.

திங்கட்கிழமை போனால், தஸ்தகீர் எழுந்து நின்றான். நாற்காலியைத் துணியால் துடைத்துப் போட்டான்.

"உக்காரு அண்ணாத்தே. இன்னா அண்ணாத்தே, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே. அண்ணிக்கு இன்னா ஆச்சு?"

"கூழ் ஊத்தப் போயிருக்கா."

"அப்போ இவங்கல்லாம் எதுக்கு அழுவுறாங்க?"

சம்பத் திரையைப் பார்த்தான். கவிச்சுனை முழுக்க அவனைப் பற்றியேதான் இருந்தது. 'துயரில் பங்கு கொள்கிறோம், பாரிவாணன்.' 'அந்தப் பூனை என்னைத் தூங்கவிடவில்லை.' துபாயில் ஒரு இன்ஜினீயர் கவிதையை அச்செடுத்துப் படுக்கையறையில் ஒட்டிவிட்டாராம். சிங்கப்பூரிலிருந்து ஒரு அம்மாள் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தாள்: 'தம்பி, சாப்பிட்டீர்களா?'

"உண்மையச் சொல்லிடு," என்றான் தஸ்தகீர். "தெரிஞ்சா அசிங்கமாப் பூடும்."

சொல்லத்தான் சம்பத் விரலைத் தூக்கினான். தூக்கிய விரல் அப்படியே நின்றது. மூன்று வருஷமாகக் கம்பெனியில் வளையம் சரியா என்று கேட்டிருக்கிறார்கள். சாப்பிட்டாயா என்று யாரும் கேட்டதில்லை. விரல் இறங்கி, 'பசியில்லை அக்கா' என்று தட்டியது.

அப்புறம் அவனைப் பிடிக்க முடியவில்லை. 'வளையல்' எழுதினான். 'பாதித் தலையணை' எழுதினான். 'கொடியில் ஒரு புடவை' எழுதியபோது கனடாக்காரர் அழுதேவிட்டாராம். அந்தப் புடவையைக் கொடியில் காயப் போட்டவளே ஊரிலிருந்து திரும்பி வந்து மாசமாகிவிட்டது. அவள் வைத்த மீன் குழம்பை மூக்குப் பிடிக்கத் தின்றுவிட்டுப் போய், 'பசியில்லை அக்கா' என்று தட்டுவான். கஸ்தூரி ஒன்றும் கேட்கவில்லை. சாயங்காலம் லேட்டாக வருகிறவன் சாராயம் குடிக்காமல் வருகிறானே, அது போதும் என்று இருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சம்பத் கறி வாங்கப் போனான். கடையில் கூட்டம். அரைக் கிலோ தொடைக் கறியோடு திரும்பினபோது வாசலில் தெரியாத செருப்புகள் இரண்டு ஜோடி கிடந்தன. உள்ளேயிருந்து ஊதுவத்தி வாசனை.

கூடத்தில் கண்ணாடி போட்ட ஒரு பெரியம்மாளும், கக்கத்தில் ரெக்ஸின் பையை இடுக்கிய ஒரு ஆளும் உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் அவனுடைய கல்யாணப் போட்டோவுக்குச் சம்பங்கி மாலை விழுந்திருந்தது. ஜோடியாக எடுத்த போட்டோ. மாலை இரண்டு பேர் கழுத்துக்கும் சேர்த்துத் தொங்கியது.

"பாரிவாணன்!" அந்த அம்மாள் எழுந்தாள். "நான் ஜெகதாம்பாள். ஆவடியில் டீச்சர். இவர் கவிஞர் துலுக்கானம். கவிச்சுனை சார்பா ஆறுதல் சொல்ல வந்தோம். பூந்தமல்லியில அந்தக் கம்ப்யூட்டர் கடைத் தம்பிதான் வழி சொன்னார். சொல்லமாட்டேன்னார், நாங்க விடலை."

"அடடா," என்றார் துலுக்கானம். கவிச்சுனையிலும் அவர் அதற்கு மேல் எழுதியதில்லை.

சம்பத் கறிப் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். அதற்குள் சமையல்கட்டிலிருந்து கஸ்தூரி காப்பி டம்ளர்களோடு வந்தாள். தலைக்கு முந்தானை போட்டிருந்தாள். முகம் சாந்தமாக இருந்தது. அந்தச் சாந்தத்தைப் பார்த்ததும்தான் அவன் வாசல் பக்கமாக ஓர் அடி பின்வாங்கினான்.

"வாங்க மாமா," என்றாள்.

அவள் அவனை மாமா என்று கூப்பிட்டதே இல்லை. இன்னாயா என்பாள். ரொம்ப ஆசை வந்தால் இன்னாங்க என்பாள்.

"உங்க மச்சினி அங்கம்மா எல்லாத்தையும் சொன்னாங்க," என்றாள் ஜெகதாம்பாள். கஸ்தூரிக்குத் தங்கச்சியே கிடையாது. "அக்கா போனதும் கூடவே இருந்து பாத்துக்கிறாங்களாமே. நல்ல மனசு. ஆனா பாருங்க, அக்கா ஜாடை அப்படியே இல்லை. போட்டோவில இருக்கிறவங்க நல்ல சிவப்பு."

"பவுடரு," என்றாள் கஸ்தூரி.

"கையில என்ன பை?"

"கத்திரிக்கா," என்றான் சம்பத்.

கஸ்தூரி பையைப் பார்த்தாள். எல்லாரும் பார்த்தார்கள். பையின் அடியிலிருந்து சிவப்பாக ஒரு சொட்டு விழுந்தது.

"கத்திரிக்காயா மாமா?"

"பீட்ரூட்டும் கீது."

"குடுங்க, ஆய்ஞ்சி வெக்கிறேன்." பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். போகிற போக்கில் அவன் காலை நன்றாக மிதித்துவிட்டுப் போனாள்.

ஜெகதாம்பாள் டீச்சர் மூக்கை உறிஞ்சினாள். "கேக்கக் கூடாதுதான். கஸ்தூரிக்கு என்ன நோய்?"

சம்பத் வாயைத் திறந்தான். பதில் உள்ளேயிருந்து வந்தது.

"டாக்டருக்கே பேரு தெரில டீச்சரம்மா." கஸ்தூரி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து கதவோரம் நின்றாள். "கருக்கல்ல எய்ந்து தெருக் கோடி பம்புல தண்ணி அடிப்பா. அப்புறம் மாவாட்டுவா. கல்லு ஒரலு. ஒரு கிரைண்டர் வாங்கிக் குடுன்னு வாயத் தொறந்து கேட்டா. மாமா இன்னா சொன்னாரு தெரியுமா? கை ஒரப்பா கீது, ஒடம்புக்கு எக்ஸர்சைசுன்னாரு."

"அடடா!" துலுக்கானத்தின் குரல் இப்போது வேறு மாதிரி இருந்தது.

"ஒரு நாளு மகாபலிபுரம் கூட்டிகினு போன்னா. கடலு இங்கயே மெரினாவுல கீதேன்னாரு. மெரினாவுக்காவது இட்டுகினு போனாரா, அதுவும் இல்ல. அப்டியே தேஞ்சி தேஞ்சி..." கஸ்தூரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அழுகையா சிரிப்பா என்று சம்பத்துக்கு மட்டும் தெரிந்தது.

ஜெகதாம்பாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். "பாரிவாணன், உங்க கவிதையில இதெல்லாம் வரவே இல்லையே."

"அது... அடுத்த கவிதையில..."

"கவிதை இருக்கட்டும். அந்த ஆத்மா கேட்டதைச் செய்யுங்க. கிரைண்டர் வாங்கி அது பேரால இந்தப் பொண்ணு கையில குடுங்க. தண்ணிய நீங்களே அடிங்க. நாங்க எல்லாரும் உங்களுக்கு ஊக்கமா இருப்போம். வாரா வாரம் நானே வந்து பாக்கிறேன்."

சம்பத் தலையை ஆட்டினான். வேறு எந்தத் திசையிலும் ஆட்ட வழியில்லை.

அவர்கள் தெரு திரும்பியதும் கஸ்தூரி முந்தானையை இழுத்துச் செருகினாள். சண்டைக்குத் தயாராக அவன் சுவரோடு சாய்ந்தான். அவள் சண்டை போடவில்லை.

"எத்தினி பேருயா அழுதாங்க, நான் செத்ததுக்கு?"

"நெறைய பேரு. கனடாவுல கூட."

"நீ?"

"எழுதறப்போ கொஞ்சம்."

அவள் எட்டிப் போட்டோவிலிருந்து மாலையைக் கழற்றினாள். "படி, கேப்போம்."

சம்பத் படித்தான். வளையல், தலையணை, புடவை. கவிச்சுனை முழுக்க என்ன சொன்னாலும், இந்த ஒருத்தி என்ன சொல்வாளோ என்று முதல் தடவையாகப் பயமாக இருந்தது. கஸ்தூரி கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள்.

"நல்லாத்தான்யா எழுதறே," என்றாள் கடைசியில். கண் கலங்கியிருந்தது. "உசிரோட இருக்கிறப்போ ஒரு வரி எழுதினியா?"

கறி அன்றைக்கு வேகவே இல்லை. இரண்டு பேரும் ரசம் சோறு தின்றார்கள்.

மறுநாள் சாயங்காலம் சம்பத் ஒரே மூச்சில் தஸ்தகீரிடம் போய் உட்கார்ந்தான். உண்மையைச் சொல்லிவிடுவது. அவமானம் வந்தால் வரட்டும். ஒற்றை விரலால் தட்டினான். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பயம் வந்ததால் ஒவ்வொன்றையும் தனி வரியாகத் தட்டினான்.

*நண்பர்களே, என் மனைவி உயிரோடு இருக்கிறாள்.*
*நேற்று அவள்தான் உங்களுக்குக் காப்பி கொடுத்தாள்.*
*இன்று காலையில்கூட என்னைத் திட்டினாள்.*
*நான் பொய்யன்.*
*என்னை மன்னியுங்கள்.*

அனுப்பிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். மறுநாள் போனபோது தஸ்தகீர் அவனைப் பார்க்காமல் மேஜைக்கு அடியில் எதையோ தேடினான். சிரிப்பை மறைக்கத்தான்.

'உங்கள் சிகரம் இதுதான், பாரிவாணன்,' என்று துபாய் எழுதியிருந்தது. 'இன்று காலையில்கூட என்னைத் திட்டினாள் என்ற வரியில் உடைந்து போனேன்' என்றது கனடா. துலுக்கானம் முதல் தடவையாக இரண்டு சொல் எழுதியிருந்தார்: 'அடடா, அடடா.' ஜெகதாம்பாள் டீச்சர் மட்டும் ஒரு திருத்தம் சொல்லியிருந்தாள்: 'காப்பி கொடுத்த மைத்துனியின் முகத்தில் மனைவியையே கண்டுவிட்டீர்கள். கடைசி வரி மட்டும் தேவையில்லை. வெட்டிவிடலாம்.'

சம்பத்துக்கு வெறி வந்தது. 'இது கவிதை அல்ல, சத்தியமாக உண்மை' என்று பெரிய எழுத்தில் தட்டி அனுப்பினான்.

'தலைப்பு இன்னும் அருமை' என்று பதில் வந்தது.

போனஸ் வந்ததும் கிரைண்டர் வீட்டுக்கு வந்தது. டீச்சர் வந்து பார்த்து அதற்குப் பொட்டு வைத்துவிட்டுப் போனாள். கவிச்சுனையில் கிரைண்டரைப் பற்றியே ஏழெட்டுக் கவிதைகள் வந்தன. கருக்கலில் சம்பத் தெருக்கோடியில் தண்ணீர் அடித்தான். மகாபலிபுரத்துக்கும் போய் வந்தார்கள். கடலைப் பார்த்துக்கொண்டே கஸ்தூரி ஒரு பாக்கெட் முறுக்கைத் தின்று முடித்தாள்.

ஒரு சாயங்காலம் அவன் வந்தபோது அவள் வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"கேட்டதெல்லாம் ஆச்சு இல்ல," என்றான் சம்பத். "வர்ற ஞாயித்துக்கெழம டீச்சரம்மா வந்தா, நீயே உன் வாயால சொல்லிடு கஸ்தூரி. நீதான் கஸ்தூரின்னு."

"சொன்னேனேயா."

"எப்போ?"

"போன வாரமே. நான்தான் கஸ்தூரி, சாவலன்னேன். கட்டிப் புடிச்சிகினு ஓன்னு அழுதாங்க. அக்கா மேல இவ்ளோ பாசமா, நீயும் எழுதும்மான்னு என்னையும் அந்தக் கவிச்சுனைக் குளத்துல சேத்து வுட்டுட்டாங்க."

சம்பத் அப்படியே உட்கார்ந்தான். "அப்போ இதுக்கு முடிவே இல்லியா?"

"எனக்கு ஒண்ணும் தோணல. ஆனா ஒரு பேச்சுதான் வந்துட்ச்சு." சீப்பிலிருந்து முடியை எடுத்துச் சுருட்டினாள். "கல்யாணம் ஆவாத பொண்ணு, அக்கா புருஷன் ஊட்ல தனியா கெடந்துகினு ஆக்கிப் போட்டா, பாக்கிறவங்க தப்பாப் பேச மாட்டாங்களா? டீச்சரம்மாவே கேட்டாங்க. வாஸ்தவந்தானே?"

"அதுக்கு இப்போ இன்னா பண்ணணுன்ற?"

"இனிமேட்டு அடுப்பாண்ட நான் வரக் கூடாது. போய் அரிசியக் களைஞ்சி வைங்க மாமா."

சம்பத் போய் அரிசி களைந்தான்.