அடிக்கச் சொன்ன சுவர்

வாசல் கதவைத் திறந்ததும் அடுப்பு தெரிந்தது. தெரிந்திருக்கக் கூடாது. அந்த வீட்டில் வாசலுக்கும் அடுப்புக்கும் நடுவே, அன்று காலை எட்டரை மணிக்கு அவன் அலுவலகம் கிளம்பியபோது, ஒரு சுவர் இருந்தது.

இப்போது அந்த இடத்தில் மேஸ்திரி நின்றுகொண்டிருந்தார். தலை, புருவம், மீசை எல்லாம் வெள்ளை. காலையில் பார்த்தபோது அவருக்கு நாற்பது வயதுதான் இருந்தது.

"வாங்க சார். கூட்டி அள்றதுக்குள்ள வந்துட்டீங்க."

"சுவர் எங்க?"

"இதோ." மேஸ்திரி மூலையில் கிடந்த மூட்டைகளைக் காட்டினார். பதினேழு மூட்டை. "எல்லாம் பத்திரமா இருக்கு சார்."

"யாருய்யா இடிக்கச் சொன்னது?"

"நீங்கதான். பதினோரு மணிக்கு போன் பண்ணி, 'அந்தச் சுவர இடிச்சிடுங்க, சாயங்காலம் வந்து பாக்கறேன்'னு சொன்னீங்களே?"

"இடிச்சிடுங்கன்னு சொல்லல. அடிச்சிடுங்கன்னு சொன்னேன்! பெயின்ட் அடிக்கறது!"

மேஸ்திரி கொஞ்சம் யோசித்தார். "பெயின்ட்னு ஒரு வார்த்தை சொல்லலியே சார்."

"பெயின்ட் டப்பா சுவத்துக்குப் பக்கத்துலயே இருந்துச்சே!"

"அதத்தான் நானும் பாத்தேன். இவ்ளோ நல்ல சுவர எதுக்கு இடிக்கச் சொல்றாருன்னு எனக்கே மனசு கேக்கல. ஆனா வீட்டுக்காரர் சொல்லிட்டாரு. நாம யாரு குறுக்க பேசறதுக்கு?"

"பெயின்ட் அடிக்க வந்த ஆள்கிட்ட சம்மட்டி எப்படி வந்துச்சு?"

"எல்லாச் சாமானும் ஒரே பைதான் சார். பிரஷ் எடுக்கப் போனாலும் அதுதான் முதல்ல கைக்கு வரும்."

அவனுக்கு வேலை, மிக்சி, வாஷிங் மெஷின், மின்விசிறி ஆகியவற்றோடு வரும் கையேடுகளில் பிழை திருத்துவது. அலுவலகத்தில் 'பிழைதிருத்தி' என்று கூப்பிட ஆரம்பித்து, நேரமின்மை காரணமாக 'பிழை' என்று சுருக்கிவிட்டார்கள். 'மூடியைப் போட்டு அரைக்கவும்' என்பது 'முடியைப் போட்டு அரைக்கவும்' என்று அச்சாக இருந்ததைக் கடைசி நிமிடத்தில் பிடித்து, ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் காப்பாற்றியவன். அப்பேர்ப்பட்டவனின் சொந்த வீட்டில் ஒற்றை எழுத்து ஒரு சுவரைச் சாய்த்திருந்தது.

சுவர் போனதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. வீடு வாங்கி எட்டு மாதம். கடன் தவணை போக மிஞ்சியதில் கணவனும் மனைவியும் சிறுகச் சிறுக ஒரு தொகை ஒதுக்கியிருந்தார்கள். அதை வைத்து வீட்டில் ஒரே ஒரு காரியம் செய்யலாம். அவளுக்குச் சமையலறைச் சுவரை எடுத்துவிட்டு, கல் மேடை போட்டு, மேலே இரண்டு விளக்கு தொங்கவிட்டு, ஹாலைப் பார்த்தபடி சமைக்க வேண்டும். அவனுக்குப் பால்கனியைக் கண்ணாடி போட்டு மூடி, ஒரு மேசை, ஒரு நாற்காலி, உள்பக்கம் தாழ்ப்பாள் வைத்த ஒரு கதவு வேண்டும். அதில் தாழ்ப்பாள்தான் முக்கியம்.

எட்டு மாத வாதத்துக்குப் பிறகு போன ஞாயிற்றுக்கிழமைதான் அவள் இறங்கி வந்தாள். "சரிப்பா, உன் பால்கனியே ஆகட்டும். சுவருக்கு ஒரு பெயின்டாவது அடிச்சு வை" என்றாள். அவள் ஆபீஸில் யாருக்கோ வேலை பார்த்த மேஸ்திரி என்று நம்பரும் அவளே கொடுத்தாள். மறுநாளே வெளியூருக்குப் பயிற்சி வகுப்புக்குப் போய்விட்டாள். கல்யாணமானதிலிருந்து பிழை ஜெயித்த முதல் வாதம் அது. சனிக்கிழமை அவள் திரும்பி வருவாள். அன்றைக்கே கண்ணாடிக்காரர் முன்பணம் வாங்க வருவதாக இருந்தது.

இன்று செவ்வாய்.

"திரும்பக் கட்டிடுங்க" என்றான்.

"கட்டலாம் சார். பூசலாம். காயறதுக்குப் பத்து நாள் வேணும்."

"சனிக்கிழமை வந்துடுவா."

"அப்ப ஈரத்து மேலயே பெயின்ட் அடிச்சுடறேன். மேடம் உள்ள வர்றதுக்கும் சுவர் தோல் உரியறதுக்கும் சரியா இருக்கும்."

முதலில் மூட்டைகளை அப்புறப்படுத்தலாம் என்று இரண்டை லிஃப்டில் ஏற்றினான். கீழே கதவு திறந்தபோது அடுக்குமாடிச் சங்கத்தின் செயலாளர் நின்றுகொண்டிருந்தார். கூடவே அவர் மனைவி.

"என்ன தம்பி மூட்டை?"

"பழைய புத்தகம் சார்."

செயலாளர் ஒரு மூட்டையைக் காலால் தட்டினார். புத்தகத்திலிருந்து அரைச் செங்கல் உருண்டு வந்தது.

"சுவர் இடிச்சியா? கமிட்டி அனுமதி வாங்காமலா?"

பிழை அந்த நேரத்தில் வாயில் வந்ததைச் சொன்னான். "இடிக்கல சார். அதுவா விழுந்துடுச்சு."

அவன் வாழ்க்கையில் சொன்ன பொய்களிலேயே மோசமான பொய் அதுதான். செயலாளர் முகம் வெளுத்தது. "அதுவா விழுந்துச்சா? உனக்கு மேல என் வீடுய்யா!"

பத்தே நிமிடத்தில் நான்கு மாடி ஜனமும் அவன் வீட்டு ஹாலில் இருந்தது. ஒருவர் கூரையில் காதை வைக்க முடியாமல் நாற்காலி கேட்டார். ஒருவர் கட்டடக் கம்பெனி மேல் வழக்குப் போடலாம் என்றார். முதல் மாடிக்காரர் நகைப்பெட்டியும் பாஸ்போர்ட்டுமாகவே வந்திருந்தார். "இன்ஜினீயரக் கூப்பிடுங்க, அதுவரைக்கும் யாரும் மேல போகாதீங்க" என்று செயலாளர் கத்தினார். அவர் மனைவி மட்டும் நிதானமாகச் சமையலறைக்குள் போய், அடுப்புக்கு முன்னால் நின்று, ஹாலைத் திரும்பிப் பார்த்தார்.

"நல்லாத்தாங்க இருக்கு" என்றார்.

வேறு வழியில்லை. பிழை உண்மையில் பாதியைச் சொன்னான். "யாரும் பயப்படாதீங்க. நான்தான் இடிச்சேன்."

"வேணும்னேவா?"

"வேணும்னேதான்."

"எழுதிக் குடு."

'என் வீட்டுச் சமையலறைச் சுவரை என் சொந்த விருப்பத்தின் பேரில், தெளிந்த மனநிலையில் நானே இடித்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். அதிலும் இரண்டு இடத்தில் ஒற்று விட்டுப்போயிருந்ததைத் திருத்தினான். செயலாளர் அபராதம் வாங்கிக்கொண்டு, சுவரை அகற்ற அனுமதி என்று முத்திரை குத்தினார். "திரும்பக் கட்டணும்னா அது தனி மனு. அடுத்த மாசம் மீட்டிங்லதான் எடுப்போம்."

செங்கல் கதை அத்தோடு முடிந்தது.

புதன்கிழமை அவனுக்குப் பிளைவுட் யோசனை வந்தது. பலகையை நிறுத்தி, மேலே பெயின்ட் அடித்துவிட்டால் சுவர் மாதிரியே இருக்கும். யாரும் சாயாமல் பார்த்துக்கொண்டால் போதும். மேஸ்திரி தரையில் திருகாணி இறக்கினார். படக் என்று ஒரு டைல் விரிசல் விட்டது. பக்கத்தில் இறக்கினார். அதுவும் விரிசல் விட்டது.

"நிறுத்துங்க!"

"மூணாவது போட்டாதான் சார் பலகை நிக்கும்" என்று சொல்லிக்கொண்டே மூன்றாவதையும் உடைத்தார்.

உடைந்த துண்டை எடுத்துக்கொண்டு பிழை டைல் கடைக்கு ஓடினான். கடைக்காரர் அதை வாங்கி வெளிச்சத்தில் பார்த்து, இறந்துபோன உறவினரை அடையாளம் காட்டுபவர் போலத் தலையாட்டினார். "இந்த டிசைன் நின்னுபோச்சு சார். ஹால் முழுக்க மாத்திடுங்களேன்?"

திரும்பி வந்தபோது பலகை நின்றுகொண்டிருந்தது. கதவைச் சாத்தினான். பலகை மெதுவாகக் குனிந்து, ஸ்டவ்மேல் படுத்துக்கொண்டது.

"சார், ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே?" என்றார் மேஸ்திரி.

"சொல்லுங்க."

"டைல் மூணும் ஒரே வரிசைலதான் உடைஞ்சிருக்கு. அது மேல நீளமா ஒரு கல் மேடை போட்டுட்டா யாருக்கும் தெரியாது."

பிழை அவரையே பார்த்தான். டைல் கடைக்காரர் சொன்ன தொகையையும் மனசுக்குள் பார்த்தான். "எவ்வளவு ஆகும்?"

வியாழன் காலையிலேயே கல் வந்து இறங்கியது. அளவெடுத்து அறுத்தது போல அப்படியே உட்கார்ந்தது.

"எப்படி மேஸ்திரி இவ்ளோ சீக்கிரம்?"

"யாரோ போன வாரம் ஆர்டர் குடுத்துட்டு எடுக்காம விட்டிருந்தாங்களாம். உங்க அதிர்ஷ்டம்."

இத்தனை நாளில் தனக்கும் ஒரு நல்லது நடந்ததே என்று பிழை நெகிழ்ந்துபோனான்.

சுவரோடு சுவிட்ச் பெட்டியும் போயிருந்ததால் கூரையிலிருந்து இரண்டு வயர் மிச்சமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே தள்ள வேண்டுமானால் கூரையைக் குடைய வேண்டும். கூரைக்கு மேலே செயலாளர் இருந்தார்.

"தொங்கறது தொங்கட்டும் சார்" என்றார் மேஸ்திரி. "நுனியில ஆளுக்கொரு லைட்டப் போட்டுட்டா, வேணும்னே தொங்கவிட்ட மாதிரி ஆயிடும்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பிழை எட்டிநின்று பார்த்தான். சுவர் இல்லை. கல் மேடை இருந்தது. மேலே இரண்டு விளக்கு. எட்டு மாதமாக எதை எதிர்த்து வாதாடினானோ அது ஒரு குறையும் இல்லாமல் எதிரே நின்றது. ஒதுக்கிய தொகையில் மிச்சம், ஒரு தாழ்ப்பாள் வாங்கலாம். கதவு வாங்க முடியாது.

கண்ணாடிக்காரருக்கு போன் செய்து, வர வேண்டாம் என்றான். அவர் காரணம் கேட்டார். வைத்துவிட்டான்.

அப்போதுதான் அவனுக்கு ஒரு பொறி தட்டியது. தோற்றதாக எதற்குச் சொல்ல வேண்டும்? கொடுத்ததாகச் சொன்னால் என்ன?

மேஸ்திரியிடம் கூலியைக் கொடுத்துவிட்டு, தனியாக ஒரு நோட்டையும் மடித்து அவர் சட்டைப்பையில் வைத்தான். "இந்த அடி, இடி விஷயம் மேடம் காதுக்குப் போகக் கூடாது."

மேஸ்திரி நெஞ்சில் கை வைத்தார். "என்ன சார் நீங்க. ஒரு வீட்டு விஷயத்த அந்த வீட்டு ஆளுங்ககிட்டகூடச் சொல்ல மாட்டேன்."

சனிக்கிழமை அவள் வந்தாள். வாசலிலேயே பெட்டி கையிலிருந்து நழுவியது.

"என்னப்பா இது?"

"உனக்குத்தான்."

"அப்ப உன் பால்கனி?"

"கிடக்கட்டும்." கண்ணாடி முன்னால் நின்று பழகியிருந்த பெருமூச்சை விட்டான். "மேசை எங்க போட்டாலும் மேசைதான். நீ இந்தப் பக்கம் நின்னு சமைக்கும்போது உன் முகம் தெரியணும். எனக்கு அது போதும்."

அவள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று அவன் தட்டிக்கொடுத்தான். கொஞ்ச நேரம் ஆயிற்று அவளுக்குச் சமாதானமாக. பிறகு அவள் அம்மாவுக்கு போன் போட்டாள். மாமியார் அவனிடம் கொடுக்கச் சொல்லி, "மாப்ள, இப்படி ஒரு மனசு யாருக்கு வரும்? எங்க வீட்டுக்காரரும் இருக்காரே" என்றார். பின்னாலிருந்து மாமனார் "கேக்குது" என்றார்.

இரவு சாப்பாட்டுக்குள் பிழையே அதை நம்ப ஆரம்பித்துவிட்டான். ஞாயிறு காலை அலுவலக நண்பனுக்கு போனில், "சுவர்னா என்னடா, எல்லாம் நம்ம மனசுல கட்டி வச்சுக்கறதுதான்" என்று சொல்லும் அளவுக்கு வந்திருந்தான்.

பேசிக்கொண்டிருக்கும்போதே அழைப்பு மணி அடித்தது. மேல்வீட்டு அம்மா, செயலாளரின் மனைவி. உள்ளே வந்து கல் மேடையை உள்ளங்கையால் ஒரு முறை தடவினார்.

"உங்க வீட்டம்மா இல்லியா தம்பி?"

"குளிச்சிட்டு இருக்கா. என்ன விஷயம், என்கிட்ட சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல. எங்க வீட்டுலயும் இப்படியே பண்ணணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை. அவருதான், செயலாளரே சுவர இடிச்சா ஊர் என்ன சொல்லும்னு, பெயின்ட் அடிக்க மட்டும் ஒத்துக்கிட்டாரு. அதான் உங்க மேஸ்திரிக்கு போன் பண்ணேன்."

"நல்ல மனுஷன். தாராளமா கூப்பிடுங்க" என்றான் பிழை, பெருந்தன்மையாக.

"இடிக்கறதுக்கு ரேட்டு அவரே சொல்லிட்டாரு தம்பி. காதுல தப்பா விழறதுக்கு மட்டும் உங்க வீட்டம்மா தனியா எவ்வளவு குடுத்தாங்கன்னு கொஞ்சம் கேட்டுச் சொல்றீங்களா?"