குளியலறையில் காய்ந்த கெய்ரோ

மொன்றியலில் ஒரு முழு நகரத்தையே குளியலறைக்குள் பூட்டி வைத்திருந்தவர் கெய்ரோ அண்ணை ஒருவர்தான்.

திருகோணமலைக்காரர். திருநீறு பூசாமல் வெளியே இறங்கமாட்டார். ஆனால் உயிரெல்லாம் கெய்ரோவின் பழைய பள்ளிவாசல்களில். அதுவும் நேரில் அல்ல. நூற்றைம்பது வருடங்களுக்கு முன் வெள்ளைக்காரர் மரப்பெட்டிக் கமராவோடு போய் எடுத்த படங்களில். மொன்றியலின் வில்லரேப் பகுதியில் நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்தோம். ஊரே டிஜிற்றல் கமரா வாங்கிக்கொண்டிருந்த காலம் அது.

"அண்ணை, உங்களுக்கும் அந்தப் பள்ளிவாசல்களுக்கும் என்ன உறவு?"

"வடிவாயிருக்கு. வேறை என்ன உறவு வேணும்?"

ஒரு மாரியில் அந்தப் படங்களுக்கு நெகற்றிவ் செய்து, பழைய முறையிலேயே அச்சிடத் துணிந்தார். அதற்குக் கடதாசியில் முட்டை வெள்ளைக்கரு பூச வேண்டுமாம். வெள்ளைக்கரு கெய்ரோவுக்கு, மஞ்சள்கரு எனக்கு. சோற்றோடும் பாணோடும் அதையே தின்று நானே மஞ்சளாகிப்போனேன். மூலையில் தெப்பனர் என்கிற சில்லறைக் கடை வைத்திருந்தவள் நாங்கள் கேக் சுட்டு விற்கிறோம் என்றே நம்பினாள். பூசிய கடதாசியை தொட்ட விரலைக் கறுக்கவைக்கும் வெள்ளி மருந்தில் தோய்த்து இருட்டில் காயவிட வேண்டும். எங்கள் வீட்டில் இருட்டு என்றால் குளியலறைதான்.

ஒரு ஞாயிறு, வருங்கால மாமனார் என்னைப் பார்க்க வந்தார். அண்ணையை எங்காவது போய்விடச் சொல்லியிருந்தேன்; "ஓம்" என்றிருந்தார். தேநீர் வருமுன் மாமனார் கைகழுவப் போய்க் கதவைத் திறந்தார். மங்கிய மஞ்சள் வெளிச்சம். கொடியில் ஈரக் கடதாசிகள். தொட்டிக்குள் சாரம் கட்டியபடி, பத்து விரலும் கறுத்த ஒரு மனிதர்.

"கதவைச் சாத்துங்கோ. கெய்ரோ காயுது."

மாமனார் அதிர்ச்சியில் உள்ளே நின்றபடியே சாத்திவிட்டார். கலியாணம் போச்சு. தேநீர் ஆறி ஆடை கட்டிய பிறகுதான் இருவரும் வெளியே வந்தார்கள். என்னைத் திரும்பியும் பாராமல் பல்கனிக்குப் போய், காய்ந்த கடதாசியும் நெகற்றிவும் வைத்த கண்ணாடிச் சட்டத்தைப் பனிக்குள் வெயில் பார்க்க நிறுத்தினார்கள். கொஞ்சங் கொஞ்சமாக ஒரு குவிமாடம் தெரிந்தது. மாமனாரின் விரல்களும் கறுத்துக்கொண்டிருந்தன.

"தம்பி, இந்த மனுசன் கலியாணத்துக்கு வருவார்தானே?" என்றார்.

சில வருடங்கள் கழித்து அண்ணை ஒருவழியாகக் கெய்ரோவுக்கே போனார். கமரா, முக்காலி, எல்லாம் சுமந்து. அங்கிருந்து போன் வந்தது.

"பள்ளிவாசல் முற்றத்திலை நிக்கிறன்."

"படம் எடுத்திட்டியளோ அண்ணை?"

"இல்லை. கமராவை வெளியிலையே எடுக்கேல்லை."

"ஏன்?"

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அழுகிறார் என்று விளங்கியபோது திகைத்துப்போனேன்; அவர் அழுது நான் கண்டதே இல்லை. அவருடைய போன் அட்டையில் காசு முடியும்வரை நானும் போனை வைக்கவில்லை.