கட்டைவிரல் சொல்லும் விமர்சனம்

உலகத்தில் எல்லாப் பாடகர்களும் ரசிகரின் முகத்தைப் பார்த்துத்தான் பாடுவார்கள். காலைப் பார்த்துப் பாடிய ஒரே மனிதன், எழுபதுகளில் எங்கள் மயிலாப்பூர் மேன்ஷனில் என் பக்கத்து அறையில் இருந்த 'கட்டைவிரல்'தான். சொந்தப் பெயர் ஏதோ இருந்தது. அவனுக்குக் கடிதம் வந்தால்தான் எங்களுக்கு அது ஞாபகம் வரும்.

பகலில் கிண்டியில் லேத் ஓட்டுவான். சாயங்காலம், நாலு தந்தி மட்டும் மிச்சமிருந்த கிடாரை மடியில் வைத்துக்கொண்டு, சாந்தோம் குப்பத்து மெட்டில் ஊர் வம்பையெல்லாம் பாட்டாகக் கட்டிக் கத்துவான். தண்ணீர் வராத குழாய், நிற்காத பஸ், பருப்பில்லாத மெஸ் சாம்பார், எதையும் விட்டதில்லை. மேல்நாட்டில் இந்த மாதிரி சங்கீதத்துக்கு ஏதோ பெயர் வைத்திருக்கிறார்களாம். எங்கள் மேன்ஷனில் வைத்த பெயர் 'சத்தம்'.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்பது புதுப் பாட்டுகளை டேப்பில் பதிவு செய்து, மைக்செட் கடைக்காரரையும் அவருடைய ரிக்கார்டரையும் சேர்த்து அழைத்து வந்துவிட்டான்.

"நம்ம புது ரிக்கார்டு நைனா! அல்லாரும் செருப்பைக் கயட்டிட்டு, காலை நீட்டி குந்துங்க!"

கேட்டவர்கள் வாயால் என்ன சொன்னாலும் அவன் காதில் போட்டுக்கொள்ள மாட்டான். "வாய் பொய் சொல்லும். கால் கட்டைவிரலு சொல்லாது" என்பது அவன் கொள்கை. விரல் ஆடினால் பாட்டு பாஸ்.

மைக்செட் கடைக்காரர் முதல் பாட்டிலேயே ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்று ஸ்க்ரூடிரைவரோடு பாய்ந்தார். "அண்ணே, கிழியல. அது என் தொண்டை!" என்று தடுத்தான். சாம்பார்ப் பாட்டு வந்ததும் மெஸ்காரர், "யாரைப் பத்திடா பாடுறே?" என்று சண்டைக்குக் கிளம்பினார். ஆனால் அவர் விரல் அவர் பேச்சைக் கேட்காமல் ஆடிக்கொண்டிருந்தது. மறுநாள் சாம்பாரில் பருப்பு இருந்தது.

என் விரலை மட்டும் அவனால் பார்க்க முடிந்ததே இல்லை. நான் அப்போது ஒரு பத்திரிகைக்குக் கச்சேரி விமர்சனம் எழுதிக்கொண்டிருந்தேன். கௌரவம் இருக்கிறதே! சம்மணம் போட்டு, கால்களை வேட்டிக்குள் செருகிக்கொண்டுதான் கேட்பேன். உள்ளே விரல் என்ன செய்தது என்பது எனக்கும் வேட்டிக்கும் மட்டும்தான் தெரியும்.

வாடகைக்கு வந்த ரிக்கார்டர் திரும்பிப் போகாமல் தினமும் அலறியது. நாலாம் நாள், கீழே குடியிருந்த வீட்டுக்காரர் படியேறி வந்தார். மார்கழியில் ஒரு கச்சேரியைக்கூட விடாதவர்.

"ஏண்டாப்பா, ஆத்துல மனுஷா இருக்கறதா வேண்டாமா? நாளைக்கே ரூமைக் காலி பண்ணு!"

"மாமா, ஒரே ஒரு பாட்டு கேளு. உன் கால் ஆடலைன்னா நானே பொட்டியத் தூக்கிக்கினு போய்ட்றேன்."

"நான் எதுக்குக் கேக்கணும்? இதோ, சங்கீதம் தெரிஞ்ச சார் இருக்கார். அவர் கால் ஆடட்டும், நீ இருந்துக்கோ. ஆடலேன்னா நடையைக் கட்டு."

மேன்ஷனே அவன் அறை வாசலில் கூடிவிட்டது. வேறு வழியில்லாமல், அந்த அறையில் முதல்முறையாகக் காலை நீட்டினேன். குழாய்ப் பாட்டு ஓடியது. என் விரல் ஆடியது. கண்டபடி ஆடியது. எல்லோரும் கைதட்டினார்கள். கட்டைவிரல் மட்டும் டேப்பை நிறுத்திவிட்டான்.

"வேணாம் நைனா. தாளம் எங்கியோ போவுது, உன் விரலு எங்கியோ போவுது. பாவம் பாத்து ஆட்டுறே. இது செல்லாது."

பைத்தியக்காரன்! ஜெயித்த ஆட்டத்தைத் தானே கலைத்துவிட்டு டிரங்குப் பெட்டியைத் திறந்தான். சட்டைகளை மடித்து வைத்துக்கொண்டே அதே குழாய்ப் பாட்டை வாய்க்குள் முணுமுணுத்தான். கதவோரம் வெறுங்காலோடு நின்ற வீட்டுக்காரரின் கட்டைவிரல் தரையில் தட்ட ஆரம்பித்தது. ஒரு தட்டுகூடத் தப்பவில்லை. எல்லோரும் குனிந்து பார்த்தோம். அவரும் குனிந்து பார்த்தார்.

"கொசு" என்றார்.

பாதிப் படி இறங்கியவர் திரும்பிப் பார்க்காமலே, "சத்தத்தைக் கொஞ்சம் கொறைச்சுக்கோ" என்றார். பெட்டி மறுபடி கட்டிலுக்கு அடியில் போனது.

அதற்குப் பிறகு மூன்று வருஷம் அவன் அங்கே இருந்தான். நான் இரக்கப்பட்டு விரலை ஆட்டியதாகக் கடைசிவரை கேலி செய்தான். நானும் மறுத்ததில்லை. அவன் கணக்கு தப்பியது அந்த ஒரு தடவைதான். அன்று நான் விரலை ஆட்டவே இல்லை. அவன் போய்விடுவானோ என்று அது தானாக நடுங்கியது.