ஒருமாச நானா

இருபது வருடமாக எழுதுகிறேன். அதில் அதிகம் பேர் படித்ததும், அதிகம் பேர் சிரித்ததும், முகம் தெரியாதவர்கள்கூட அடுத்தவருக்கு அனுப்பிவைத்ததும் கண்டிக் கார்ப் பிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் நான் போட்ட பதினொரு வரிகள்தான். என் கார் நீல நிறம் என்ற ஒரு தகவலைத் தவிர அந்தப் பதினொரு வரிகளிலும் உண்மை கிடையாது.

அவை அக்குறணை ஒருமாச நானாவைப் பற்றியவை. முஸ்லிம் கடைக்காரர்களை எங்கள் பக்கம் நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவோம். கண்டியிலிருந்து மாத்தளை போகும் வீதியில் எத்தனையோ கடைகள், எத்தனையோ வியாபாரிகள். அவர்களில் வியாபாரமே செய்யத் தெரியாத ஒரே ஆள் நானாதான். கார்களுக்கான புதுப்புதுக் கருவிகளை விற்பவர் என்று பெயர். உண்மையில் அவற்றை விற்க மறுப்பவர். கப்பலில் எது வந்து இறங்கினாலும் முதலில் தன் வேனில் பூட்டி ஓட்டிப் பார்ப்பார். வாங்க வருகிறவர்களிடம் "ஒரு மாசம் போகட்டும்" என்பார். ஒரு மாதம் போன பிறகும் தலையை ஆட்டினால்தான் உண்டு. பாதி நேரம் "சரிவரல்ல" என்று அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுவார். அவருடைய சொந்தப் பெயரை அவர் மகளே யோசித்துத்தான் சொல்வாள் என்று கடைவீதியில் ஒரு பேச்சு.

அந்த வேனைப் பார்க்க வேண்டும். கண்ணாடியில் மூன்று கெமரா, ஸ்டியரிங்கைச் சுற்றி இரண்டு உறை, மூலைக்கொரு விசிறி, ஏழு வகை ஹோர்ன். கதவைத் திறந்தாலே ஒரு சீனப் பெண்குரல் பேசத் தொடங்கும். அவள் மொழியை மாற்ற யாராலும் முடியவில்லை. நானா அவளுக்குத் தமிழிலேயே பதில் சொல்லிக்கொண்டு ஓட்டுவார். ஒருமுறை அலவத்துகொடை வளைவில் அவள் குரல் உயர்ந்தது. நானா உடனே வேகத்தைக் குறைத்தார். "என்ன சொல்றாங்க நானா?" என்று கேட்டேன். "பாஷ வெளங்கல்ல சேர். கோவம் வெளங்குது" என்றார்.

என் வியாதியையும் சொல்லிவிடுகிறேன். புதுக் கார் வாங்க வக்கில்லாதவன், பழைய காருக்கு நகை போட்டுப் பார்ப்பான். நான் ஞாயிற்றுக்கிழமை மட்டும், மஹியாவை வீட்டிலிருந்து கோயில் வரைக்கும் கார் ஓட்டுகிறவன். ஆனாலும் டயரின் காற்றைக் கைத்தொலைபேசியில் காட்டும் கருவி வேண்டும் என்று நானாவிடம் போய் நின்றேன். "இந்த ஓட்டத்துக்குக் காலால ஒரு தட்டுத் தட்டிப் பாத்தாப் போதும் சேர்" என்று அனுப்பிவிட்டார். விடுவேனா? வேறு கடைகளில் வாங்கினேன். சீற்றுக்கடியில் நிறம் மாறும் விளக்கு போட்டேன். மனைவி ஏறும்போதெல்லாம் செருப்பைக் கழற்றப் போனாள், சாமி அறை என்று நினைத்து. வேகத்தை முன்கண்ணாடியில் பச்சை எழுத்தில் காட்டும் கருவியும் போட்டேன். கண்டி நகர நெரிசலில் அது பெரும்பாலும் காட்டியது பூச்சியம்.

இதற்கெல்லாம் நிரந்தரப் பார்வையாளர் என் மச்சான். மனைவியின் அண்ணன், பன்விலையில் பள்ளிக்கூட ஆசிரியர், ஒரு பழைய ஓட்டோவின் சொந்தக்காரர். "மாப்ள, இந்த நகையெல்லாம் தங்கச்சி கழுத்துல போட்டிருந்தா பாக்கவாவது நல்லாருக்கும்" என்று வெற்றிலை பாக்கு எடுப்பதுபோல் நிதானமாகச் சொல்வார். அவர் முன்னால் மட்டும் தலை குனியக்கூடாது என்பது என் வாழ்க்கையின் கொள்கை.

கடைசியில் ஒரே ஒரு பொருளுக்கு நானா தலையாட்டினார். காருக்குள் இருந்து பின்னால் பார்க்கும் கண்ணாடி முழுவதும் திரை. முன்னாலும் பின்னாலும் கெமரா. பார்ப்பதையும் கேட்பதையும் பதிந்து வைக்கும். கூடவே பின் பம்பரில் பொத்தான்போல நான்கு சென்சர். பின்னுக்கு எடுக்கும்போது ஏதாவது கிட்ட வந்தால் கத்தும். ஒரு மாதம் தன் வேனில் வைத்துப் பார்த்துவிட்டு, ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து தானே பூட்டினார். பிறகு செய்ததுதான் வேடிக்கை. என் காருக்குப் பின்னால் போய் நின்று, கைகட்டி, கண்ணை மூடிக்கொண்டார்.

"வாங்க சேர்."

"நானா, நீங்க நிக்கிறீங்க."

"அதுக்குத்தான் நிக்கிறேன். கத்தினா நிப்பாட்டுங்க."

தான் பூட்டிய ஒவ்வொரு காருக்கும் அவர் செய்யும் சோதனை இது. கத்தியது. நிறுத்தினேன். அவர் முழங்காலுக்கும் என் பம்பருக்கும் நடுவில் ஒரு சாண். கண்ணைத் திறந்து, "இப்ப கொண்டு போங்க" என்றார்.

அடுத்த வாரம் ஆயுத பூஜை. புதுக் கருவிக்காரன் அல்லவா, எந்த வருடமும் இல்லாத பக்தியோடு நானே காருக்குப் பூஜை செய்தேன். மறுநாள் குடும்பத்தோடு பன்விலைக்குப் போய், மச்சான் வாசலில் வைத்துக் காரைத் திருப்பப் பின்னுக்கு எடுத்தேன். சென்சர் கத்தவில்லை. கத்தாததால் இன்னும் கொஞ்சம் எடுத்தேன். மாலை போட்டு, குங்குமம் வைத்து நின்ற மச்சானின் ஓட்டோவில் போய் மோதினேன். அதன் முன்விளக்கு உதிர்ந்தது.

மச்சான் மெதுவாக நடந்து வந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் திறந்துவிட்டேன்: அக்குறணை நானா போலிச் சாமானைப் பூட்டி ஏமாற்றிவிட்டார். சொன்ன சூட்டோடு அங்கேயே உட்கார்ந்து குழுவிலும் எழுதினேன். நன்றாகத்தான் எழுதினேன், அதுதான் கேவலம். "இந்தச் சென்சர் மோதுவதற்கு முன் எச்சரிக்காது, மோதிய பின் அனுதாபம் மட்டும் தெரிவிக்கும்" என்ற வரி மாத்தளை வரை போனதாகக் கேள்வி.

இரண்டு நாள் கழித்து நானாவே அழைத்தார். "மகள் வாசிச்சுக் காட்டினா சேர். அந்த அனுதாபம் எண்ட எடத்துல நானும் சிரிச்சேன். மறுகா, வண்டியக் கொண்டு வாங்க. நான் பாக்கோணும்." மச்சானும் வருவேன் என்று ஏறிக்கொண்டார், சாட்சிக்கு.

மழை. கடை வாசல் தகரத்தின் கீழ் மச்சானும் கெமரா வாங்க வந்த இரண்டு பேரும் நின்றார்கள். நானா என் பக்கத்துச் சீற்றில் ஏறி, கதவைச் சாத்தி, கண்ணாடித் திரையைத் தட்டினார். பின் கெமரா பதிந்து வைத்திருந்ததெல்லாம் ஓடத் தொடங்கியது.

முதலில் வந்தது என் முகம். திரை நிறைய. நெற்றியில் திருநீறு, உடம்பில் சட்டை இல்லை, கவனத்தில் நாக்கு வெளியே. பம்பரில் நான்கு பொத்தான்கள் வரிசையாக, பொட்டு வைப்பதற்கென்றே செய்ததுபோல இருந்தன அல்லவா? ஒவ்வொன்றுக்கும் கொழுக்கக் கொழுக்கச் சந்தனம் அப்பினேன். அடுத்து என் மோதிர விரல் நேராகக் கெமராவை நோக்கி வந்தது. திரை மஞ்சளாகியது. நடுவில் சிவப்பாக ஒரு வட்டம்.

மனைவியின் குரல்: "என்னங்க, அது கெமராவாச்சே?"

என் குரல்: "அதுக்கும் கண்ணு படக்கூடாதுல்ல."

அடுத்தது பன்விலை. அதே மஞ்சள். "பின்னால ஒண்ணும் தெரியலையேங்க" என்றாள் மனைவி. "பன்வில மூடுபனி அப்படித்தான்" என்றேன் நான். பிறகு அந்தச் சத்தம். கிட்ட வரும் செருப்புச் சத்தம். பிறகு நானேதான்: "அக்குறணையான் ஏமாத்திட்டான்."

நானா எல்லாவற்றையும் கடைசிவரை பார்த்தார். என் பக்கம் திரும்பினார். "நாக்க நீட்டிக்கிட்டா பொட்டு வப்பீங்க சேர்?" என்றார். அவ்வளவுதான்.

இறங்கினார். ஈரத்துணி ஒன்றை எடுத்து, வாசலில் நின்றவர்களுக்குத் தெரியாதபடி தன் முதுகால் மறைத்துக்கொண்டு, நான்கு பொத்தான்களையும் கெமராவையும் துடைத்தார். மச்சான் குடையோடு வந்து என்ன கோளாறு என்று கேட்டார்.

"வயர் ஒண்டு லூஸா ஈந்திச்சு" என்றார் நானா. "என்ட பிழைதான்."

மச்சான் கடை வாசலைப் பார்த்துச் சத்தமாக, "நான் நெனச்சேன்" என்றார். கெமரா வாங்க வந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு, மழையிலேயே இறங்கிப் போனார்கள். நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கார் ஓடவில்லை. முன்கண்ணாடியில் பச்சை நிறத்தில் பூச்சியம் எரிந்துகொண்டிருந்தது. அந்தக் கருவி அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு சரியாக எதையும் காட்டியதில்லை.

பத்தொன்பது நாள் வாயைத் திறக்கவில்லை. பத்தொன்பதாம் நாள் அந்தப் பக்கம் போக நேர்ந்தது. கடையில் ஆளில்லை. நானா வேனுக்குள் உட்கார்ந்து சீனக்காரியோடு பேசிக்கொண்டிருந்தார். நான் தலையைத் தாழ்த்திக்கொண்டேன், காற்றுக் குறைந்த டயரைப்போல. அன்று சாயந்தரம் தேத்தண்ணியை வைத்துவிட்டு மனைவி கேட்டாள்: "நீங்க எழுதுறீங்களா, இல்ல நான் எழுதட்டுமா?"

எழுதவில்லை. எழுதினால் அதையும் அழகாக எழுதிவிடுவேன் என்று பயம். அந்த வீடியோவை அப்படியே குழுவில் போட்டேன், நாக்கோடு. மச்சான் அதைத் தன் ஆசிரியர் அறை முதல் சொந்தபந்தம் வரைக்கும் அனுப்பினார். இப்போது பன்விலையில் என்னைக் காணும் பிள்ளைகள் வணக்கம் சொல்வதில்லை, நாக்கை நீட்டுகிறார்கள்.

வீடியோ போட்ட மறுநாள் நானாவைப் பார்க்கப் போனேன். கடையில் நான்கு பேர் நின்றார்கள். கொஞ்சம் மூச்சு வந்தது. வேனின் பின் பம்பரைப் பார்த்ததும் அது நின்றுவிட்டது. அவர் வேனில், நான்கு சென்சரிலும், காய்ந்த சந்தனம்.

அது சென்சருக்கு மேலே அவர் வெட்டி மாட்டிய சின்ன ரப்பர் மூடி. அதன்மேல்தான் சந்தனம். பூஜை முடிந்ததும் மூடியைக் கழற்றிவிட்டால் போதுமாம். மழைக்கும் வெயிலுக்கும் எப்படி நிற்கிறது, கீழே கசிகிறதா என்று பார்க்கிறாராம். "பள்ளிவாசலுக்குத் தொழ வந்தவங்க கேட்டாங்க, இது என்னண்டு. டெஸ்ட் ஓடுதுண்டேன். இன்னும் பத்து நாள் ஈக்கி சேர். சரிவந்தா அடுத்த பூசைக்கு ஒங்களுக்குத்தான் மொதல்." என் காருக்கும் எனக்கும் அவர் அதைத் தொடங்கியது, நான் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போன அதே சாயந்தரம்.

நான் ஏதோ சொல்ல ஆரம்பிப்பதற்குள் அவர் என் காருக்குப் பின்னால் போய் நின்று, கைகட்டி, கண்ணை மூடிவிட்டார். வயரை மறுபடி பார்க்க வேண்டுமாம். எந்த வயரை? நான் காரை எடுத்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக எதையும் ஓட்டியதில்லை. கத்தியது. நிறுத்தினேன். ஒரு சாணுக்கும் மேலேயே இடம் விட்டு நிறுத்தினேன்.

இறங்கிப் போய், "நானா, இனி என் ஆயுசுக்கும் இப்படிப் பொய் சொல்ல மாட்டேன்" என்றேன்.

அவர் கண்ணைத் திறந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒரு மாசம் போகட்டும் சேர்."