நெல் மூட்டை மேல் நின்ற பிக்கப்

சப்ரி, உன்னிடம் கேட்காமல் உன் பெயரைப் போட்டு எழுதுகிறேன். கேட்டிருந்தாலும், "எழுதுகா, ஆனா என்ட படத்த நல்லதாப் பாத்துப் போடு" என்றுதான் சொல்லியிருப்பாய். படம் போடவில்லை. பார்த்துக்கொண்டு எழுத முடியவில்லை.

தெரியாது என்று சொல்லத் தெரியாதவன் கையில் வெல்டிங் தடியைக் கொடுக்கக் கூடாது. மூன்று வருசத்துக்கு முன் அப்படி ஒருவன் கையில் கொடுத்தார்கள். அந்த ஒருவன் நான்.

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஊர் சித்தாண்டி. செங்கலடியில் ஒரு கடையில் கேற்றும் ஜன்னல் கம்பியும் ஒட்டுகிறேன். சப்ரி ஓட்டமாவடிப் பொடியன். எங்கள் கடைக்கு இரும்பு இறக்க லொறியில் வந்தவன், முதல் நாளே என் சோற்றுப் பார்சலில் பாதியைத் தின்றுவிட்டு, "கறிக்கு உப்புக் காணாது" என்றான். அப்படித்தான் கூட்டாளி ஆனோம்.

அவனுடைய வாப்பா ஆறு வருசம் கட்டாரில் டிரைவர். போவதற்கு முன் சொந்தமாக ஒரு பழைய பிக்கப் வண்டி வாங்கி, மகனிடம் விட்டுப் போனார். திரும்பி வந்ததும் அதில் நெல் ஏற்றிப் பிழைப்பது, இனி யாருடைய வாகனத்தையும் ஓட்டுவதில்லை, இதுதான் அவர் முடிவு. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போனில் ஒரே கேள்வி: "மகன், வாகனத்தக் கழுவினயா?" இவனும் ஒவ்வொரு வெள்ளியும், "ஓம் வாப்பா."

கழுவியது மீன் ஐஸ் தண்ணீர்தான். இரண்டு வருசம் அதில் மீன் ஏற்றினான். உப்பும் ஐசுமாக ஒழுகின தண்ணீரெல்லாம் செசியில், வாகனத்தைத் தாங்குகிற அடிச்சட்டத்தில், இறங்கியது. பிறகு வாவிக்கரையில் ஒரு மரத்துக்குக் கீழே விட்டுவிட்டு மறந்துபோனான்.

ஒரு நாள் கடைக்கு வந்து நின்றான். முகத்தில் இரத்தம் இல்லை.

"கஜன், வாப்பா ஒரேயடியா வாறாராம். இன்னும் பத்து நாள்."

போய்ப் பார்த்தோம். மேலே பெயின்ட் பரவாயில்லை. கீழே குனிந்து செசியைச் சுத்தியலால் மெல்லத் தட்டினான். சுத்தியல் உள்ளே போய்விட்டது. (சுத்தியல் உள்ளே போனால் அது இரும்பில்லை, பப்படம்.)

"உனக்கு செசி ஒட்டத் தெரியுமா?"

"கேற்றும் இரும்பு, செசியும் இரும்பு."

"அதில்லகா நான் கேட்ட. தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

ஓட்டமாவடியில் எந்தக் கராஜுக்குக் கொண்டுபோனாலும் அன்றைக்கே கட்டாருக்குச் செய்தி போய்விடும். கராஜ்காரர் எல்லாரும் வாப்பாவின் கூட்டாளிகள். அதனால் பிக்கப்பைக் கயிறு கட்டி இழுத்து எங்கள் வீட்டு வளவுக்குக் கொண்டுவந்தோம். வெள்ளாண்மை வெட்டின நேரம். வளவு முழுக்க நெல் மூட்டை. வாகனத்தைத் தூக்கி நிறுத்த இரும்புத் தாங்கி எங்களிடம் இல்லை. சப்ரி மூட்டைகளைப் பார்த்தான்.

"ஒரு மூட்டைக்கு மேல பத்து மூட்டை அடுக்குறம். அசையுதா?"

அசையவில்லைதான். நாலு பக்கமும் மும்மூன்று மூட்டை அடுக்கி, வாகனத்தை ஜக் வைத்து உயர்த்தி, மூட்டை மேல் மெதுவாக இறக்கினோம். பிக்கப் கோயில் தேர் போல நின்றது. இரண்டு பேரும் தள்ளி நின்று கொஞ்ச நேரம் எங்கள் மூளையை ரசித்தோம்.

செசியை வெட்டித் திறந்தால் உள்ளேயிருந்து மண், எறும்புக் கூடு, ஒரு தேக்கரண்டி எல்லாம் கொட்டியது. மோசமாக உக்கியிருந்தது இடது பின்பக்கம், ஸ்பிரிங்கைச் செசியோடு பிடிக்கிற இடம். அதில் ஒரு முழம் வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைக்க வேண்டும். வலது பக்கத்து அளவைக் கயிற்றில் முடிச்சுப் போட்டு எடுத்தேன். (அளவு நாடா கடையில் இருந்தது. வயிற்றுவலி என்று சொல்லி லீவு எடுத்தவன் கடைக்குப் போக முடியாது.)

வாடகைக்கு எடுத்த வெல்டிங் மெசினால் ஒட்டத் தொடங்கினேன். பொறி பறந்தது. கொஞ்ச நேரத்தில் எங்கள் வீட்டுக் கோழிகள் ஒவ்வொன்றாக வாகனத்துக்குக் கீழே வந்தன. பிறகு பக்கத்து வீட்டுக் கோழிகளும் வந்தன. எல்லாம் இடது பக்கம்.

"உன்ட வேலையப் பாக்க வருதுகள்" என்றான் சப்ரி.

நானும் அதை நம்பினேன். நெல் பொரிகிற வாசம் வந்தது. அம்மா பொரி வறுக்கிறாள் என்று நினைத்தேன். முன்பு நிமிர்ந்து உட்கார்ந்து ஒட்டின இடத்தைக் குனிந்து ஒட்ட வேண்டிவந்தபோது, எனக்குக் களைப்பு என்று நினைத்தேன். அம்மா குசினிக்குள் இருந்து வெளியே வந்து பார்த்தாள்.

"மனே, உங்கட வாகனம் படுக்குது."

பொறி விழுந்து பொலித்தீன் சாக்கெல்லாம் உருகி, இடது பக்கத்து மூட்டைகள் சத்தமில்லாமல் ஒழுகிக்கொண்டிருந்தன. நான் உருண்டு வெளியே வந்தேன். பிக்கப் பெருமூச்சு விட்ட மாதிரி இன்னும் நாலு விரல் இறங்கி நின்றது.

அம்மா ஏசவில்லை. இரண்டு சுளகைக் கொண்டுவந்து எங்கள் முன் போட்டாள். "கரியும் மண்ணும் இல்லாமக் கொழிச்சுத் தந்திட்டு மத்த வேலையப் பாருங்க." கொழிக்கத் தெரியாத இரண்டு ஆம்பிளைகள் பொழுது சாயும் வரை கொழித்தோம். மதிலுக்கு மேலால் பார்த்தவர்களில் ஒருவரும் சும்மா போகவில்லை.

மறுநாள் மரக்குற்றி வைத்து உயர்த்தினோம். அங்கேதான் நான் செய்யக் கூடாததைச் செய்தேன். வாகனம் இறங்கினதில் ஒட்டின இடம் நகர்ந்திருக்கும், திரும்ப அளக்க வேண்டும் என்று மனதுக்குள் ஒரு குரல் சொன்னது. அளந்தால் ஒட்டினதை வெட்ட வேண்டும். அளக்காமல் மிச்சத்தையும் ஒட்டினேன். மேலே கறுப்புப் பெயின்ட் அடித்தோம். கறுப்புப் பெயின்ட் அடித்தால் எந்தப் பாவமும் புதுசு போலத் தெரியும்.

வாப்பா வருகிற காலை சப்ரி பிக்கப்பை எடுத்தான். நான் பின்னால் மோட்டார் சைக்கிளில். வாகனத்துக்குப் பின்னால் போகிறவனுக்குப் பின் சக்கரம் இரண்டுதான் தெரிய வேண்டும். எனக்கு நாலும் தெரிந்தது. முகம் வயலைப் பார்க்க, பின்பக்கம் ரோட்டைப் பிடித்துக்கொண்டு, நண்டு போகிற மாதிரிப் போனது. ஓட்டமாவடிப் பாலத்தில் எதிரே வந்த பஸ்ஸின் கொண்டக்டர் தலையை வெளியே போட்டார்.

"தம்பி, நீ பாலத்தக் கடக்கிறயா, மறிக்கிறயா?"

சந்தியில் வாப்பா இரண்டு பெரிய பெட்டியோடு நின்றார். பிக்கப்பைத் தடவிப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பார்த்திருக்கக் கூடாது. அவர் முன்னால் ஏற, நான் மோட்டார் சைக்கிளைச் சந்தியில் விட்டுவிட்டுப் பெட்டிகளோடு பின்னால் ஏறிக்கொண்டேன். கொஞ்சத் தூரம் போனதும் உள்ளே பேச்சுக் கேட்டது.

"மகன், நாம எந்தப் பக்கம் போறம்?"

"நேரா வாப்பா."

"அப்ப ஏன் கடையெல்லாம் முன் கண்ணாடியால தெரியிது?"

நிறுத்தச் சொன்னார். பயணத்துக்குப் போட்ட வெள்ளைச் சேட்டோடு ரோட்டில் படுத்து, கீழே கையை விட்டு, நான் 'ஒட்டினேன்' என்று சொல்லிக்கொண்ட இடத்தைத் தடவினார். எழும்பினார்.

"இத ஆர் ஒட்டின?"

நான் பெட்டிக் கயிற்றை இழுத்துச் சரிபார்த்தேன்.

"நான்தான் வாப்பா" என்றான் சப்ரி.

வாப்பா கத்தவில்லை. "ஆறு வருசம் அடுத்தவன்ட வாகனத்தக் கழுவினன் மகன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தே போனார். சப்ரி தலையைக் குனிந்துகொண்டு நின்றான். நானும் குனிந்தேன். ஆனால் என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

பிறகு ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

"உன்ட பேரச் சொன்னா உன்ன வீட்டுக்க எடுக்க மாட்டார். என்ன எப்பிடியும் எடுக்கத்தானே வேணும்" என்றான்.

கராஜில் நான் ஒட்டினதையெல்லாம் வெட்டி எறிந்து இரண்டு மாதம் வேலை செய்தார்கள். வாப்பா நெல் ஏற்றத் தொடங்கினார். கோபம் போய்விட்டது, ஆனால் ஒரு சொல் அந்த வீட்டில் தங்கிவிட்டது. ரொட்டி கோணினால், கேக் சரிந்தால், தங்கச்சி தலை உச்சி கோணலாக எடுத்தால், "சப்ரி ஒட்டின மாதிரி." மூன்று வருசம் அந்தப் பகிடியை அவன் வாங்கிக்கொண்டான். நான் அங்கே இருந்தால் என்னைப் பார்த்து ஒரு கண்ணை மூடித் திறப்பான். நானும் சேர்ந்து சிரித்தேன். வெட்கமில்லாதவன்.

மூன்று மாதத்துக்கு முன் சப்ரிக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்தாம் நாள் அவன் இல்லை. இருபத்தைந்து வயது. இதற்கு மேல் அதை எழுத எனக்கு வராது.

போன கிழமை அவன் வீட்டுக்குப் போனேன். உம்மா ரொட்டி சுட்டுத் தந்தா. ஒரு பக்கம் இழுபட்டுக் கிடந்த ரொட்டியைத் தட்டில் போடும்போது, பழக்கத்தில், "சப்ரி ஒட்டின மா..." என்று தொடங்கி நிறுத்திவிட்டா.

"அத ஒட்டின அவன் இல்ல. நான்" என்றேன். அதற்குப் பிறகு என்ன சொன்னேன் என்று நினைவில்லை. சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன் என்பது மட்டும் தெரியும்.

வாப்பா என் தட்டை என் பக்கம் தள்ளி வைத்தார்.

"எனக்கு அண்டைக்கே தெரியும் தம்பி. என்ட மகனுக்கு வெல்டிங் தடிய எந்தப் பக்கம் பிடிக்கிற எண்டும் தெரியா."

"ஏன் அங்கிள் சொல்லல்ல?"

"அவனே உன்னக் காட்டிக் குடுக்கல்ல. நான் எப்பிடிக் குடுக்கிற?"

இனிமேல் 'கஜன் ஒட்டின மாதிரி' என்று சொல்லுங்கள் என்று உம்மாவிடம் கேட்டேன். அதுதானே நியாயம். உம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தா.

"வேணாம் மகன். ஒரு நாளைக்கு ரெண்டு தரமாச்சும் அவன்ட பேர் இந்த வீட்டில கேக்கட்டும்."

அதனால் அந்த வீட்டில் இன்றைக்கும் கோணலானது எல்லாம் சப்ரி ஒட்டினதுதான்.

இதை வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். எனக்குக் கும்பிடத்தான் தெரியும், நான் முருகனிடம் சொல்லிவிட்டேன். துஆ கேட்கத் தெரிந்தவர்கள் கேளுங்கள். மெழுகுதிரி கொளுத்துகிறவர்கள் ஒன்று கூடக் கொளுத்துங்கள். ஒன்றும் தெரியாதவர்கள் கண்ணை மூடி அவன் பெயரை ஒருமுறை சொன்னால் போதும். சப்ரி. அவன் போன இடத்தில் சுகமாக இருக்க எல்லாரும் வேண்டிக்கொள்ளுங்கள்.