ஸைனுலாப்தீன் சோடா குடிக்கவில்லை

ஆதம்பாவாவின் சோடாவில் ஒரு சொட்டுக்கூடத் தன் தொண்டைக்குள் இறங்காது என்று ஸைனுலாப்தீன் சத்தியம் பண்ணியது கல்முனைக் கடைத்தெருவில், பட்டப்பகலில். பள்ளிவாசல் லெப்பை அச்சிமுகம்மதுவைக் கையைப் பிடித்துப் பக்கத்தில் நிறுத்திவைத்துக்கொண்டுதான் பண்ணினார். சாட்சி இல்லாத சத்தியம் வெறும் பேச்சு என்பது அவர் எண்ணம்.

ஆதம்பாவா அந்நியர் இல்லை. ஸைனுலாப்தீனின் மனைவி ஸாலிஹாவுக்குக் கூடப்பிறந்த அண்ணன்; அவள் வாயில் காக்கா. கொழும்பிலிருந்து ஒரு பழைய மெஷினை லொறியில் கொண்டுவந்து இறக்கி, கல்முனைக்குடியில் சோடாக் கம்பனி திறந்தார். திறப்பு நாளில் பாத்திஹா ஓதி முடிந்தது. முதல் போத்தலின் வாயை அடைத்திருந்த கண்ணாடிப் போளை ‘டப்’ என்று உள்ளே விழுந்தது. நுரை பொங்கப் போத்தல் தன் பக்கம் வருவதைப் பார்த்து ஸைனுலாப்தீன் கையை நீட்டினார். போத்தல் அவரைத் தாண்டிப் போய் மீராமுகைதீன் போடியாரின் கையில் நின்றது. நீட்டின கை நீட்டினபடி இருந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் காதைச் சொறிந்துகொண்டார்.

கம்பனிக்கு நிலம் தந்தவர் போடியார், அதனால்தான் அப்படி என்று ஆதம்பாவா ஆள்மேல் ஆள் அனுப்பிச் சொன்னார். மச்சானுக்கு இல்லாத மரியாதை மண்ணுக்கா என்று கேட்டு, வந்த ஆட்களையெல்லாம் ஸைனுலாப்தீன் திருப்பி அனுப்பினார்.

இது நடந்து ஆறு மாதம். மற்றவர்களுடைய கோபம் ஆறும். இவருடையதை இவர் ஆறவிடவில்லை. மருதமுனைத் தறிகளில் சாறன் எடுத்துக் கடையில் விற்பது அவர் தொழில். சோடா குடித்துவிட்டு வந்து கடைக்குள் ஏப்பம் விட்ட ஒரு மனிதரிடம் சாறன் இல்லை என்று சொல்லிவிட்டார். பின்னால் அலுமாரி நிறையச் சாறன். அக்கரைப்பற்றில் ஒரு கலியாணத்தில் இறைச்சிச் சோறு தின்று வயிறு ரபான் மேளம் மாதிரி வீங்கிப்போனது. ஊரே சோடா குடித்தது. அவர் சுடுதண்ணீர் குடித்துவிட்டு மூச்சுவிட முடியாமல் வீடு வந்தார்.

வீட்டுக்கும் கட்டளை போட்டிருந்தார். சோடாப் போத்தலும் வரக்கூடாது, சோடாக்காரனும் வரக்கூடாது. அந்த வீடு ஸாலிஹாவின் சீதன வீடு. அவளுடைய வாப்பா கட்டியது, ஆதம்பாவாவே கல் சுமந்தது. ஸைனுலாப்தீன் மாப்பிள்ளையாய் வந்து குடியேறியவர். இதெல்லாம் அவருக்குத் தெரியாததல்ல. கோபத்தில் ஞாபகம் வரவில்லை. ஸாலிஹா “சரி” என்றாள். ஒரு கேள்விக்கு ஒன்பது பதில் வைத்திருக்கிற பெண் ஒற்றைச் சொல்லோடு நிறுத்தினால் புருஷனுக்கு ஏதாவது விளங்க வேண்டும். இவர் வென்றுவிட்டதாக நினைத்துக்கொண்டார்.

நோன்புப் பெருநாள் வந்தது. தொழுகை முடிந்ததும் போடியாரையும் லெப்பையையும் வற்புறுத்தி வீட்டுக்குக் கூட்டிவந்தார். அதில் ஒரு திட்டம் இருந்தது. ஆதம்பாவா தலையில் தூக்கிவைத்த அதே போடியார் தன் வீட்டில் உட்கார்ந்து பெருநாள் பலகாரம் தின்றார் என்று ஊர் பேச வேண்டும். அது ஆதம்பாவாவின் காதில் விழ வேண்டும். விழுந்து எரிய வேண்டும்.

கேக்கு வந்தது. தொட்டால் பஞ்சு, வாயில் வைத்தால் காணவில்லை. போடியார் ஒரு துண்டு எடுத்தார், பிறகு கேளாமலே இன்னொன்று எடுத்தார். லெப்பை பேச்சை நிறுத்திவிட்டுத் தின்றார். ஸைனுலாப்தீனே நாலு துண்டு தின்றுவிட்டு, இது பத்து முட்டை அடித்த கேக்கு, இந்தக் கைப்பக்குவம் கொழும்பிலும் கிடையாது என்று பெருமை அளந்தார். மகளுக்குக் கலியாணம் வருகிறது, செய்முறையைச் சொல்லுங்கள் என்றார் போடியார். ஸைனுலாப்தீன் ஐந்தாவது துண்டை வாயில் போட்டுக்கொண்டு, அறை வாசல் சீலைப் பக்கம் திரும்பி, போடியாருக்கு விளங்கச் சொல்லு என்று மனைவிக்கு உத்தரவு போட்டார்.

சீலைக்குப் பின்னாலிருந்து ஸாலிஹா அமைதியாகச் சொன்னாள். “முட்ட ரெண்டுதான் போட்ட. கோழியெல்லாம் நோயில செத்திட்டு. மா, சீனி, பட்டர். பொங்கிறதுக்குக் கிரீம் சோடா ஒண்டரப் போத்தல்.”

கல்முனையில் சோடா அடிக்கிறவர் ஒரே ஒருவர்தான்.

ஐந்தாவது துண்டு வாயிலேயே நின்றது. போடியார் முன்னால் துப்ப ஏலாது. விழுங்கினார். விழுங்கிய பிறகுதான் கத்த முடிந்தது. கட்டிய பெண்டாட்டியே சத்தியத்தை முறித்துவிட்டாள், ஆறு மாதம் கட்டிக் காத்ததை அடுப்பில் வைத்துவிட்டாள் என்று கூரை அதிரக் கத்தினார்.

லெப்பை கையைத் துடைத்துக்கொண்டு, பதற வேண்டாம் என்றார். சத்தியம் முறிந்தால் பத்து ஏழைகளுக்குச் சாப்பாடு கொடுத்தால் சரி. சத்தியமும் அதோடு தீர்ந்தது. நாளைக்கே மச்சான் கம்பனிக்குப் போய்ச் சோடா குடிக்கலாம்.

ஸைனுலாப்தீன் கத்துவதை நிறுத்தினார். ஆறு மாதக் கோபம் பத்துப் பேர் சோற்றோடு முடிவதா? ஆதம்பாவா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பானே. விடக்கூடாது.

“முறியல்ல,” என்றார். “சொட்டு எண்டுதான் நான் சத்தியம் பண்ணின. இதில சொட்டு எங்க இரிக்கி? துண்டுதான் இரிக்கி. நெருப்புல வெந்த பொறகு அது சோடா இல்ல, கேக்கு.”

லெப்பை யோசித்தார். ஆராய்ச்சிக்காக இன்னும் ஒரு துண்டு தின்றார். ஈரம் இல்லைதான் என்று ஒத்துக்கொண்டார்.

“அப்ப லெப்ப,” என்றது சீலை, “இனிக் கேக்குக்கு எத்தின போத்தல் ஊத்தினாலும் இவர்ர சத்தியத்துக்கு ஒண்டும் வராதா?”

வராது என்றார் லெப்பை. எல்லாரும் ஸைனுலாப்தீனைப் பார்த்தார்கள். அவரும் பல்லைக் கடித்துக்கொண்டு வராது என்றார்.

விடைபெறும்போது போடியார் வாசலில் நின்று நெடுநேரம் ஏதோ சொன்னார். ஆள் போனால் போதும் என்று ஸைனுலாப்தீன் ஒன்றையும் கேளாமல் எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டினார். ஆட்டி முடித்ததும் குசினிக்குப் பாய்ந்தார்.

அங்கே பலகையில் உட்கார்ந்து, இடுக்கியால் சிரட்டை நெருப்பை எடுத்து அடுத்த கேக்குச் சட்டி மூடியின்மேல் அடுக்கிக்கொண்டிருந்தார் ஆதம்பாவா. போளையைத் தட்டின கையோடு மாவில் ஊற்றினால்தான் கேக்கு பொங்கும், அதற்குப் பழகின கை வேண்டும் என்று ஸாலிஹா பின்வாசல் கடப்பால் அவரைக் கூப்பிட்டிருந்தாள். ஆதம்பாவா ஸலாம் சொன்னார். ஸைனுலாப்தீன் பதிலை வாய்க்குள்ளேயே முணுமுணுத்துவிட்டு, என் வீட்டைவிட்டு வெளியே போ என்றார்.

ஸாலிஹா குரலை உயர்த்தவில்லை. “இது எண்ட வாப்பா எனக்குத் தந்த ஊடு. ஆறு மாசமா எண்ட காக்கா இந்தப் படி ஏறல்ல. நோன்பு முப்பதும் அவருக்கு ஒரு கோப்பக் கஞ்சி குடுக்க ஏலாம இருந்தன். உங்களுக்கு ஒரு போத்தல் கை மாறிப் போன கோவம். எனக்குக் கூடப்பொறந்தவரு இல்லாமப் போன கோவம். எது பெரிசி எண்டு நீங்களே செல்லுங்க.”

பதில் இல்லாத இடத்தில் அவருக்குச் சத்தம்தான் வரும். நாளையிலிருந்து இந்த வீட்டில் கேக்கே அவிக்கக் கூடாது என்று கத்தினார்.

“அது ஏலாது,” என்றாள் ஸாலிஹா. “போடியார்ர மகள்ர கலியாணத்துக்கு நாப்பது கேக்கு. இப்பதான் வாசல்ல நிண்டு ஓம் எண்டு ஏத்துக்கிட்டீங்க, லெப்ப சாட்சி. சோடாப் பெட்டியெல்லாம் பின்னேரம் வருது. வெக்க எடமில்ல. அறைக்குள்ள கிடக்கிற உங்கட சாறன் மூட்டையள மாட்டுக் கொட்டிலுக்கு மாத்துங்க.”

மூட்டை கனமாக இருந்தது. மறுபக்கம் பிடிக்க ஆதம்பாவாவைத் தவிர வேறு ஆளில்லை.