ஞாயிற்றுக்கிழமை மழை பெய்யாத எஸ்டேட்

சூரியநெல்லி,
திங்கட்கிழமை.

வளிமண்டல ஆராய்ச்சிப் பேராசிரியர் உயர்திரு தனபால் ஐயா அவர்களுக்கு, தங்களிடம் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருக்கும் சிவசங்கரியின் தகப்பன், எஸ்டேட் ஆபீஸ் கிளார்க் முனீஸ்வரன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு என் வயிற்றைத் தவிர மற்ற எல்லோரும் நலம். தங்கள் வீட்டிலும் அனைவரும் சுகமாயிருக்க வேண்டுகிறேன்.

ஐயா, இருபத்திரண்டு வருடமாக எங்கள் எஸ்டேட் மழைமானியைக் காலை எட்டு மணிக்குப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுகிறவன் நான்தான். அந்தப் பதிவேடுகளை என் மகள் தங்களிடம் கொண்டுவந்து காட்டியதால்தான் அவளுக்கு ஐந்து வருட ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தது. நாங்கள் குடியிருக்கும் லயத்து வீடுகள் முழுக்க லட்டு கொடுத்தேன். போன புதன்கிழமை தாங்கள் போன் போட்டு, "ஏனுங்க முனீஸ்வரன், உங்க எஸ்டேட்ல இருபத்திரண்டு வருசமா ஞாயித்துக்கெழம மழையே பேயலீங்களே! திங்கக்கெழமையானா கொட்டுதுங்களே! டூரிஸ்ட் வண்டிப் பொகைனாலயான்னு பாக்கோணுமுங்க" என்றீர்கள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஐயா, புகையுமில்லை, ஒரு மண்ணுமில்லை. ஞாயிறு எனக்கு லீவு, வேற சோலி இருக்கும், அது இப்போ வேண்டாம். திங்கள் காலையில போயி, மழைமானி பாட்டில்ல கெடக்குற ரெண்டு நாள் தண்ணியையும் அளந்து திங்களுக்கே எழுதிட்டு, ஞாயிறுக்கு ஒரு சுழியைப் போட்டுருவேன், எவன் பாக்கப்போறான்னு நெனச்சேன், நடுவுல ஒரு மேனேஜர் வந்து ஞாயித்துக்கிழமையும் எழுதியே ஆகணும்னாரு, சரின்னு வாட்ச்மேன் சோலையைப் போய்ப் பாக்கச் சொன்னேன், அவன் பாட்டில்ல தண்ணி கெடக்கேன்னு கீழ கொட்டி, புளி போட்டு வெளக்கி, வெயில்ல கமுத்தி வச்சுட்டான், அந்த வாரம் திங்களுக்கும் சுழி, சாமி, ஆளை விடுன்னு பழையபடி நானே எழுதிட்டேன். இதை என் மனைவி சாந்தம்மாளிடம் சொன்னதுதான் தாமதம், "பிள்ளை பொழப்புல மண்ணள்ளிப் போட்டீகளே! மொதல்ல அந்தப் புரபசருக்கு உண்மையை எழுதுங்க" என்று பேனாவைக் கையில் திணித்துவிட்டாள்.

தப்பு பூராவும் என்னுது. என்னைப் போலீசுல வேணாலும் குடுங்க, அவ உதவித்தொகையை மட்டும் நிறுத்திடாதீங்க. எங்க குடும்பத்துல தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகாத மொதப் பொம்பளப்பிள்ளை அவதான்.

தங்கள் ஆராய்ச்சி ஓங்கவும், தாங்கள் குறைவின்றி வாழவும் எஸ்டேட் மாரியம்மனை வேண்டி நிற்கும்,
முனீஸ்வரன்.

பி.கு.: பிழை பார்க்கச் சொல்லி, லீவுக்கு வந்திருக்கும் மகளிடம் இதைக் கொடுத்தேன். அரை மணி நேரம் சிரித்தாள். "சார் உங்களைச் சும்மா சீண்டிருக்காருப்பா. பழைய மழைக் கணக்குல இருக்குற தப்பைக் கண்டுபிடிச்சுத் திருத்துறதுதான் என் ஆராய்ச்சியே. உங்க சுழிக்குத்தான் உதவித்தொகை" என்றாள். என் சுழி உனக்கு எப்போது தெரியும் என்று கேட்டேன். "ஏட்டைத் தொறந்த அன்னைக்கே. ஞாயிறு ஞாயிறு என்னை டியூசனுக்குக் கூட்டிட்டுப் போயி, எனக்குக் குடையப் பிடிச்சுட்டு நீங்க தெப்பலா நனைவீங்களே, அந்த மழையெல்லாம் ஏட்டுல எங்கேப்பா?" என்றாள். ஆகவே மேலே கேட்ட மன்னிப்பைத் தள்ளிவிட்டு, இதை மட்டும் எழுதிக்கொள்ளவும். அந்த ஞாயிறெல்லாம் நல்ல மழை, ஐயா.